ஒரு கவிதைக்கு ஒரு மிகை போதும்

ஜனவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறது. உன் இருமல் விட்டதா? மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்?

வேலையில் சேர்ந்துவிட்டேன். மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போடுகிறார்கள். நான் பம்ப் ஆபரேட்டர். உள்ளே கசிகிற தண்ணீரை வெளியே தள்ளுவது என் பொறுப்பு. இதற்கு மேல் வேலையைப் பற்றி எழுதக் கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். போனையும் வாசலில் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். ஆறு மாத ஒப்பந்தம் முடிந்தால்தான் திருப்பித் தருவார்களாம். கடிதம் எழுதலாம், ஆனால் ஒட்டாமல் ஆபீசில் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு கிளார்க் படித்துப் பார்த்து, வேண்டாததை வெட்டி எடுத்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். உனக்கு வரும் கடிதத்துக்கும் எனக்கு வரும் கடிதத்துக்கும் அதே கதிதான். எல்லோரும் அவரைக் கத்தரி என்கிறார்கள். இதையும் அவர்தான் படிக்கப் போகிறார். அவருக்கும் ஒரு வணக்கம்.

தகரக் கொட்டகையில் எட்டுக் கட்டில். என்னுடையது கதவோரம். அடுத்த கட்டிலில் இருப்பவர் தூக்கத்தில் பாடுகிறார், அதுவும் பாதிப் பாட்டுதான். மீதிப் பாட்டுக்காக நான் விழித்துக்கொண்டு கிடக்கிறேன். (இங்கே ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது.)

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணிக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டது என் தப்புதான், அதற்காக இவ்வளவு நாளா? நீ நூலகத்தில் மாலை வகுப்பு வைத்து ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கவிதை எழுதச் சொல்லித் தருகிறாயே, எனக்கும் சொல்லிக் கொடு. ஒரே ஒரு கவிதை உருப்படியாக எழுதி அனுப்பிவிட்டால் அவள் மனம் இளகும் என்று தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன்


ஜனவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இருமல் போய்விட்டது, தொண்டை மட்டும் கரகரக்கிறது. அங்கே குளிர் எப்படி? கம்பளி எடுத்துப் போனாயா?

உன் கடிதம் ஜன்னல் வைத்து வந்து சேர்ந்தது. உங்கள் மாப்பிள்ளை அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். உனக்குக் கவிதையா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதி வந்தால் வயிற்று வலி வந்த ஆள் நீ. ஆனாலும் கேட்டுவிட்டாய், சொல்லித் தருகிறேன். வீட்டுப்பாடம் செய்யாமல் டிமிக்கி கொடுத்தால் பாடத்தை நிறுத்திவிடுவேன். வகுப்பில் நான் தங்கச்சி இல்லை.

முதல் பாடம், ஓசை. வரியிலோ வார்த்தையிலோ முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. ‘மழை வந்தால் மாடித் துணியை மறக்காதே.’ இதில் ம, மா, ம என்று வருகிறது பார். இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. ‘சட்டை’, ‘பட்டன்’. ஒரு தையல்காரரின் மனைவிக்கு உதாரணத்துக்கா பஞ்சம். இரண்டும் காதுக்காக. காது ஒத்துக்கொண்டால்தான் மனசு கதவைத் திறக்கும்.

நிலா, பூ, தேன் எதுவும் கூடாது. உன் கண்ணில் படுவதை மட்டும் எழுது. நாலே வரி.

அண்ணி பேச்சை எடுப்பதே இல்லை. ஆனால் தபால்காரர் வருகிற நேரத்துக்குச் சரியாக எங்கள் தெருவில் ஏதோ வேலை இருப்பதுபோல் வந்து வாசலில் நிற்கிறார். உள்ளே வரச் சொன்னால் போய்விடுகிறார்.

குளிரில் தலையை மூடிக்கொள்.
உன் தங்கை


பிப்ரவரி 2

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். கம்பளி இருக்கிறது. தொண்டைக்கு வெந்நீர் குடி.

வீட்டுப்பாடம் இதோ:

கதவைச் சாத்தினாய்
கடிதம் போட்டேன்
கண்ணைக் காட்டு
கணக்கு வாத்தியார் மாதிரி முறைக்காதே

நாலு வரிக்கும் மோனை வந்துவிட்டது. நானே ஆச்சரியப்பட்டுப் போனேன். கவிதையை மட்டும் முதலில் ஆபீசில் காட்டினேன், கத்தரி படித்தார். மனிதர் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததாக இங்கே ஒருவரும் சொன்னதில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “கடைசி வரி நீளம். மத்ததோட ஒட்டல” என்றார். உன் பாடத்தையும் அவர்தானே முதலில் படிக்கிறார். எனக்கு முன்னால் அவர் தேறிவிடுவார் போலிருக்கிறது.

எனக்கு உதவிக்கு ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். என்னைவிட வயதானவர், காது சரியாகக் கேட்காது. பம்ப் சத்தத்தில் அது ஒரு குறையே இல்லை. இப்போது இரண்டு பம்ப் ஓடுகிறது. (இங்கே மூன்று வரி வெட்டப்பட்டிருக்கிறது.)

அடுத்த பாடத்தைச் சீக்கிரம் அனுப்பு. இங்கே வேறு எதையும் நினைத்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சௌக்கியம். நீ சரியாகத் தூங்குகிறாயா? கையெழுத்து கோணல் மாணலாக இருக்கிறது.

கத்தரி ஐயா சொன்னது சரி. கடைசி வரி மற்ற வரிகளை மிதித்துக்கொண்டு நிற்கிறது. அவருக்கு என் பாராட்டு. அண்ணியிடம் படித்துக் காட்டினேன். “கணக்கு வாத்தியாரா நானு?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பின பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

இரண்டாம் பாடம், உவமையும் உருவகமும். தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றின் பக்கத்தில் உட்கார வைப்பது உவமை. ‘போல’ என்ற சொல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாகவே ஆக்கிவிட்டால் உருவகம். உவமையைத் தேடி வெளியே அலையாதே. கையைத் தொட்டது, காலை இடறியது, அதிலிருந்து எடு.

அண்ணியைக் கொஞ்ச நாள் விடு. தினமும் உன் எதிரில் இருக்கிற ஒன்றைப் பற்றி எழுது. வேறு எதுவும் இல்லாவிட்டால் எதிரில் இருக்கிற சுவரைப் பற்றி எழுது. சுவரைப் பார்த்து நாலு வரி எழுதத் தெரிந்தவன்தான் கவிஞன் என்று என் வகுப்பில் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குத் தூங்கு.
தங்கை


பிப்ரவரி 25

தங்கச்சிக்கு,

சுவரைப் பற்றி எழுதச் சொன்னாய். எழுதியிருக்கிறேன்.

சுவருக்கு வியர்க்கிறது
வெயிலில் நின்றவன் சட்டை போல.
துடைத்த இடத்திலேயே மறுபடி வியர்க்கிறது.
காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்ப்பது போல
காலையும் மாலையும்
தொட்டுப் பார்க்கிறேன்.

இரண்டு ‘போல’ வந்துவிட்டது. பரவாயில்லையா?

இது தவிர எழுத எதுவும் இல்லை. எழுதினாலும் (இங்கே அரை வரி வெட்டப்பட்டிருக்கிறது). கத்தரி கவிதையில் கை வைப்பதில்லை. வேலையைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உத்தரவு, கவிதையைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லையாம்.

ஒரு சந்தேகம். இருப்பதைப் பெரிதாக்கிச் சொல்வதற்கு ஓர் அணி உண்டு என்று ஒருமுறை நீ சொன்ன ஞாபகம். இருப்பதை இருக்கிறபடியே சொல்வதற்கும் அணி உண்டா? அதற்கு ஏதாவது பெயர் இருக்கிறதா?

அண்ணன்


மார்ச் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ எங்கள் யாரையும் விசாரிக்கவே இல்லை. கவிஞன் ஆனதும் வீட்டை மறந்துவிட்டாய்.

அண்ணா, சுவர் கவிதையை நான் மூன்று முறை படித்தேன். தொட்டுப் பார்க்கிறேன் என்று முடித்தாயே, அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு ‘போல’ இருக்கட்டும். மனப்பாடத்துக்கு வயிற்று வலி வந்த ஆளா இது என்று மாப்பிள்ளை கேட்கிறார்.

உன் சந்தேகத்துக்குப் பதில். இருப்பதைப் பெரிதாக்கிச் சொன்னால் உயர்வு நவிற்சி. அழுத கண்ணீரில் ஊரே மிதந்தது என்பது போல. கேட்கிறவருக்கும் அது நடக்காது என்று தெரியும், தெரிந்தே ரசிப்பார். இருப்பதை இருக்கிறபடியே சொன்னால் தன்மை நவிற்சி. கேட்க எளிது, செய்வது கஷ்டம். அதைச் சரிபார்க்க நான் வகுப்பில் ஒரு வழி சொல்வேன். வேறொரு ஆள் அதே இடத்தில் போய் நின்றால், நீ எழுதியதுதான் அவர் கண்ணிலும் பட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இயற்கையாக நடப்பதற்கு நாமே ஒரு காரணத்தைக் கற்பித்து ஏற்றிச் சொன்னால் தற்குறிப்பேற்றம். அது அடுத்த மாதத்துக்கு.

இந்த இரண்டு நவிற்சியில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு அதே சுவரை இன்னொரு முறை எழுது.

உடம்பைப் பற்றி ஒரு வரியாவது எழுது.
தங்கை


மார்ச் 19

தங்கச்சிக்கு,

உடம்பு நலம். அங்கே எல்லோரும் நலம்தானே.

முதலில் நகம் போனது.
பிறகு விரல் போனது.
இன்று என் கை போகிறது.
தண்ணீர் நேற்று வரை தண்ணீர்.
இன்று சேற்றோடு வருகிறது.
மலை கொஞ்சம் கொஞ்சமாக
வெளியே வருகிறது.

இது எந்த அணி என்று நான் எழுத முடியாது. எழுதினால் அது கவிதை இல்லை, வேலையைப் பற்றிய பேச்சு ஆகிவிடும். நீ வாத்தியாரம்மா, பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவாய்.

உன் அண்ணிக்கு இதைக் காட்டாதே. உன் பதிலைச் சீக்கிரம் போடு, தங்கச்சி. தள்ளிப் போடாதே.

அண்ணன்


மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். நீயும் நலம் என்று எழுதியதில் நிம்மதி.

கேட்டாயே என்று உடனே எழுதுகிறேன். கவிதையை வகுப்பில் வாசித்தேன். எழுதியது யார் என்று சொல்லவில்லை. கடைசி வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு ஒருவர் “என்ன கற்பனை” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அணி எது என்று கண்டுபிடிக்கச் சொன்னாய். உயர்வு நவிற்சி. அதிலும் மலையே வெளியே வருகிறது என்றது முதல் தரம். ஆனால் வாத்தியாரம்மா என்றால் குறையும் சொல்ல வேண்டும். சுவர் விரிசலில் நகம் போன இடத்தில் கை போகிறது என்பது ஒரு மிகை. மலை வெளியே வருகிறது என்பது இன்னொரு மிகை. ஒரு கவிதைக்கு ஒரு மிகை போதும். இரண்டு இருந்தால் படிக்கிறவர் நம்பமாட்டார். கையை எடுத்துவிடு, விரலோடு நிறுத்து. சேறும் வேண்டாம், அது வரியை அழுக்காக்குகிறது. சுருக்கித் தருகிறேன் பார்:

முதலில் நகம் போனது.
பிறகு விரல் போனது.
மலை கொஞ்சம் கொஞ்சமாக
வெளியே வருகிறது.

எவ்வளவு அடக்கமாக இருக்கிறது. இதைத்தான் நீ அண்ணிக்கு அனுப்ப வேண்டும். நீ சொன்னபடி இன்னும் காட்டவில்லை. அவர் இப்போது வாசலில் நிற்பதோடு சரி இல்லை, “கடுதாசி வந்துதா?” என்று வாய்விட்டுக் கேட்கிறார்.

ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம்தான். பத்திரமாக இரு.
தங்கை


ஏப்ரல் 15

தங்கச்சிக்கு,

உன் பதில் வரவில்லை. கோபமா, உடம்பு சரியில்லையா?

நான் அனுப்பியது கிடைத்ததா என்று மட்டும் எழுது. எந்த அணி என்று கண்டுபிடித்தாயா? இங்கே எஞ்சினியரிடம் (இங்கே இரண்டு வரி வெட்டப்பட்டிருக்கிறது) “உனக்குக் கற்பனை ஜாஸ்தி” என்று சிரித்தார். என்னைப் பார்த்து இப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நீயாவது சரியாகப் படித்திருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

விட்டுவிட்டு வந்துவிடலாம். ஒப்பந்தம் போனால் போகட்டும். ஆனால் நான் கையை எடுத்தால் பம்ப் நிற்கும், உள்ளே இருக்கிறவர்கள் (இங்கே ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது). என்னோடு இருக்கிற பெரியவருக்குக் காது கேட்காது என்று எழுதியிருந்தேன் அல்லவா. சுவர் பேசுவதும் அவருக்குக் கேட்காது.

கையில் இருந்தது இப்போது முழங்கைக்கு வந்துவிட்டது. கவிதையைத்தான் சொல்கிறேன்.

பயமாக இருக்கிறது, தங்கச்சி.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணா,

நான் மார்ச் 30 அன்றே பதில் போட்டேன். உனக்கு வந்து சேரவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. வராததே நல்லது. அதில் எழுதியிருந்தது அத்தனையும் தப்பு.

உன் கடிதம் வந்தபோது அண்ணி வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து என் கையிலிருந்து வாங்கிப் படித்தார். எந்தக் கவிதை என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். படித்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல கற்பனை அண்ணி, உயர்வு நவிற்சி என்று நான் ஆரம்பித்தேன்.

“உங்க அண்ணனுக்குக் கற்பனையா? புதுசா ஒரு சேலை எடுத்துக் கட்டிக்கிட்டு, எப்படி இருக்குன்னு கேட்டேன். ரெண்டு விரக்கடை நீளம்னு சொன்ன மனுஷன் அவரு. கை போகுதுன்னு எழுதியிருந்தா கை போகுது. அவ்வளவுதான்” என்றார்.

அண்ணா, உன்னோடு பிறந்து வளர்ந்தவள் நான். நீ பொய் சொல்லத் தெரியாமல் எனக்கும் சேர்த்து அடி வாங்கிக் கொடுத்தவன். கவிதை என்றதும் அதையெல்லாம் மறந்துவிட்டு ஓசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் ஆபீஸ் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மறுபடி செய்தேன், எடுக்கவில்லை.

தபாலை நம்பி இருக்க முடியாது. இந்தக் கடிதத்தை அண்ணியே கொண்டு வருகிறார். நானும் வருகிறேன் என்றேன். “நீ போன் பக்கத்துல இரு” என்றார். பஸ்ஸில் இரண்டு நாள் பயணமாம். வாசலில் உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும், அதனால் கத்தரி ஐயா கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கத்தரி ஐயா, இனி எழுதுவது உங்களுக்கு. உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. இந்த நாலு மாதமாக என் பாடத்தை ஒரு வரி விடாமல் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். கவிதையில் கை வைக்காதவர் நீங்கள். தன்மை நவிற்சியைச் சரிபார்க்க ஒரு வழி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். வேறொரு ஆள் அதே இடத்தில் போய் நிற்க வேண்டும். நான் இங்கே இருக்கிறேன், என்னால் முடியாது. எஞ்சினியர் போகமாட்டார். நீங்கள் போய்ப் பாருங்கள். இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், அண்ணி சொல்லி அனுப்பிய கீழே உள்ள வரியை மட்டும் என் அண்ணனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

சுவத்தைப் பத்தி எழுதினது போதும். வீட்டுக்கு வாங்க.

தங்கை


மே 6

மதிப்பிற்குரிய ஆசிரியை அம்மாவுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை இங்கே கத்தரி என்பார்கள். அதற்குமேல் அறிமுகம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வெளியே நடந்ததைத் தங்கள் அண்ணி சொல்லியிருப்பார். வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றதால் உள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. தாங்கள் மார்ச் 30 அன்று எழுதிய திருத்தத்தை நான்தான் தங்கள் அண்ணனிடம் கொடுக்கவில்லை. அதில் வெட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. ஆனால் அது வந்த அதே வாரம் எஞ்சினியர் அவரிடம் கற்பனை ஜாஸ்தி என்று சொன்னதை நான் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டேன். தாங்களும் அதையே சொன்னால் மனிதர் வாயை மூடிக்கொள்வார் என்று தோன்றியது. மேஜைக்குள் வைத்தேன். வைத்தேனே தவிர, எழுந்து போய்ப் பார்க்கவில்லை. இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் சுரங்கத்துக்குள் போனதே கிடையாது. என் நாற்காலி வெளியே இருக்கிறது, பயமும் ஒரு காரணம். தாங்கள் கடிதத்தில் நேராக என்னைக் கூப்பிடாமல் இருந்திருந்தால் இப்போதும் போயிருக்கமாட்டேன்.

தங்கள் அண்ணி வாசல் கம்பிக்குள் கையை நீட்டிக் கடிதத்தைக் கொடுத்தார். நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மதியம் ஷிப்ட் மாறுகிற நேரம். ஆட்கள் உள்ளே போக என் முத்திரை போட்ட சீட்டு வேண்டும். முத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு தொப்பியை இரவல் வாங்கி உள்ளே போனேன். பழைய ஷிப்ட் ஆட்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் எஞ்சினியர் என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது.

தங்கள் அண்ணன் பம்ப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரைக் காட்டினார். சட்டைக் கையை மடிக்காமல் விரிசலுக்குள் கையை விட்டேன். தாங்கள் சொன்னபடி நின்று பார்த்தேன் அம்மா. அவர் எழுதியதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வெளியே வாருங்கள் என்றேன். “பம்ப் நின்னா தண்ணி ஏறிடும். உள்ள ஆளுங்க இருக்காங்க” என்றார். யாரும் இல்லை, முத்திரை என் பையில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். நம்பவில்லை. பெரியவரைக் கூட்டிப் போங்கள், நான் பிறகு வருகிறேன் என்றார். அப்போதுதான் கடிதத்தைக் கொடுத்தேன். டார்ச் வெளிச்சத்தில் கடைசி வரியை மட்டும் படித்தார். “வாசல்லயா நிக்கறா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பம்பை நிறுத்தினார். பெரியவரின் தோளைத் தட்டி, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்.

நாங்கள் வெளிச்சத்துக்கு வந்தபோது புது ஷிப்ட் ஆட்கள் சீட்டுக் கேட்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டி முடிப்பதற்குள் உள்ளே சத்தம் கேட்டது. முதலில் காற்று வந்தது, என் தொப்பி பறந்தது. பிறகு சேறு வந்தது. அதில் அந்த முக்காலி மிதந்து வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை. ஆட்கள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தங்கள் அண்ணன் ஓடும்போது வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியது, அவ்வளவுதான்.

அனுமதி இல்லாமல் வேலையை நிறுத்தியதற்காக என்னை அன்றே அனுப்பிவிட்டார்கள். இப்போது என் தம்பி வீட்டு மாடியில் இருக்கிறேன். தங்கள் மார்ச் 30 கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தங்கள் அண்ணன் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கிழித்துவிடலாம்.

இன்னொரு விண்ணப்பம். நானும் நாலு வரி எழுதியிருக்கிறேன். முதல் முயற்சி.

முழங்கை வரை போனது.
சட்டை நனைந்தது.
வெளியே எடுத்தபோது
விரல் இடுக்கில் மலை இருந்தது.

கடைசி வரி உயர்வு நவிற்சியா, தன்மை நவிற்சியா என்று எனக்கே தெரியவில்லை. தாங்கள் திருத்தித் தர வேண்டும்.

தங்கள் பணிவுள்ள
கத்தரி


மே 17

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். தம்பி வீட்டில் சௌகரியமாக இருக்கிறீர்களா? மாடியில் வெயில் அதிகம் என்றால் ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டுங்கள்.

அண்ணன் என் வீட்டுக் கூடத்தில்தான் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் சொல்லாமல் போனீங்க என்று காலையிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறார். அவன் சிரிக்கிறான். இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். எனக்கு அழுகை வருகிறது, அதைத் துடைத்துக்கொண்டும் எழுதுகிறேன்.

நீங்கள் திருப்பி அனுப்பிய கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்தேன். நேற்று அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். மெதுவாகப் படித்தான். நான் எதிரில் நின்றேன். “சேறு வரியை ஏன் எடுத்தே? அதுதானே முக்கியம்” என்று மட்டும் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வகுப்புப் பலகையில் நான் எழுதி வைத்திருந்த நாலு வரியை அழித்துவிட்டு, அவன் எழுதிய ஏழு வரியையும் இன்று அப்படியே எழுதிவிட்டு வந்தேன். எழுதியவன் யார், அந்தச் சுவர் என்ன ஆயிற்று என்பதையும் சொன்னேன்.

உங்கள் வேலை போனதற்கு நான் என்ன சொன்னாலும் ஈடாகாது. எங்கள் நூலகத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுத ஓர் ஆள் தேடுகிறார்கள். சம்பளம் சுமார்தான், ஆனால் யார் கடிதத்தையும் படிக்க வேண்டியதில்லை. விருப்பம் இருந்தால் கிளம்பி வாருங்கள், மாலையில் வகுப்புக்கும் வரலாம். அந்தக் கத்தரிக்கோலையும் எடுத்து வாருங்கள், என் மாணவர்கள் நீளமாக எழுதுகிறார்கள்.

உங்கள் நாலு வரியைத் திருத்தச் சொன்னீர்கள். நான் திருத்தவில்லை, அண்ணனிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தான். கடைசி வரிக்கு வந்ததும் தன் கையைத் திருப்பி, நகக்கண்ணைப் பார்த்தான். இத்தனை நாள் குளித்தும் அங்கே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“சரியாத்தானே எழுதியிருக்காரு” என்றான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இப்படிக்கு,

உங்கள் மாணவி